வாசலில் தொங்கிய கிட்டார்

"மாஸ்டர், ஒரு கிட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்லுதாங்க."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே தொபியாஸ் சொன்னார். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. துறைமுக அலுவலகத்தில் வேலை. மாஸ்டர் வியான்னி அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறார்.

வியான்னி தன் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"உக்காருங்க அண்ணே. யாரு கொல்லுதா?"

"வர்றவன் போறவன் எல்லாம்."

"எங்க?"

"முபாரக் பாய் கடையில. வாசல்ல தொங்குதே, அந்தக் கிட்டார்."

"அங்க நிறைய தொங்குது."

"மத்ததெல்லாம் பிளாஸ்டிக் பொம்மை மாஸ்டர். இது ஒண்ணுதான் கிட்டார். கையால செஞ்சது. முதுகெல்லாம் ஈட்டி மரம். முன்னால உள் சுவத்துலதான் இருந்துச்சு. பாய் ஏன் வாசலுக்குக் கொண்டாந்தாருன்னே தெரியல. காலை வெயில் நேரா அதும்மேலதான் விழுது. ஒருத்தன் மோதிரத்தோட அடிக்கான். ஒருத்தன் பெல்ட் பக்கிளை வெச்சுத் தேய்க்கான். வாங்குறவன் ஒருத்தனும் கிடையாது."

"ம்."

"இப்ப பாய் அதை ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குக் குடுக்கப் போறாரு. வர்ற சனிக்கிழமை. கல்யாண மாப்பிள்ளைங்க கையில பிடிச்சுக்கிட்டு நிக்கதுக்கு."

வியான்னி கம்பியின் நுனியை வெட்டினார்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா பாய் கேப்பாரு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டச் சொல்லுங்க மாஸ்டர்."

"நீங்களே வாங்கிருங்களேன்."

"நானா?"

தொபியாஸ் தன் இடது கையை விரித்துப் பார்த்தார்.

"எனக்கு எஃப் கார்டே இன்னும் வரல. அந்தக் கிட்டாரை வாங்க நான் யாரு?"

ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் பிடி அது. அவர் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு வராமலே இருந்தது.

"ஒரு தடவையாவது எடுத்து வாசிச்சுப் பாத்தீங்களா?"

"சேச்சே."

வியான்னி மேசைக்கு அடியில் குனிந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். ஒரு பொட்டலத்தையும் எடுத்து அதன் மேல் வைத்தார். பொட்டலம் நிறைய பிக், கம்பியை மீட்டுகிற சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள். எல்லாம் வெள்ளை.

"கடையில போய் உக்காருங்க. அந்தக் கிட்டாரைக் கெடுக்குற ஒவ்வொருத்தருக்கும் இதுல ஒண்ணு போடுங்க."

"பேர் எழுதணுமா?"

"வேண்டாம்."

"போட்டுட்டு?"

"கொண்டாங்க."



"ஆபீஸுக்கு லீவு போட்டுட்டுக் கிட்டாருக்குக் காவலா?" என்றாள் மனைவி எமெல்டா. "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அரை நாள் லீவு கிடைக்கல."

"அது வேற."

"ஆமா. நான் ஈட்டி மரம் இல்லல்லா."

தொபியாஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முபாரக் பாய் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார். "உக்காருங்க தொபியாஸ் அண்ணே. கிட்டாரு உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சு."

முதலில் வந்தவர் ஆர்மோனியத்துக்கு உறை வாங்க வந்தவர். உறை எடுத்து வரும் வரை சும்மா நிற்க முடியாமல், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி கிட்டாரின் வயிற்றில் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

டப்பாவில் ஒரு பிக் விழுந்தது.

அடுத்தவர் காய்கறிப் பையை அதன் தலையில் மாட்டிவிட்டுப் போனில் பேசினார்.

இன்னொன்று.

இரண்டு கல்லூரி மாணவர்கள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். "ஏலே, ஒழுங்காப் பிடி, வாசிக்க மாதிரி மூஞ்சிய வையி," என்றான் ஒருவன். அவனுடைய பக்கிள் மரத்தில் உரசியது தொபியாஸுக்குப் பல்லில் கேட்டது.

ஒன்று இல்லை. இரண்டு போட்டார்.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவளாம். உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்தாள். மடியில் வைத்து மெல்ல மீட்டினாள். முகம் சுருங்கியது.

"இன்னைக்கும் சுருதி இறங்கித்தான் கிடக்கு பாய்."

"கடல் காத்தும்மா. என்ன செய்ய?"

அவள் அதன் முதுகை ஒரு முறை தடவினாள். இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போனாள்.

தொபியாஸ் யோசித்தார். அவள் ஒன்றும் கெடுக்கவில்லை. அவளுக்குப் பிக் போடவில்லை.

சாயங்காலம் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. பாய் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"தொழுதுட்டு வந்துருதேன். பாத்துக்கிடுங்க."

இது எப்போதும் நடப்பதுதான். அலுவலகம் முடிந்ததும் தொபியாஸ் இந்தப் பக்கம் வந்துவிடுவார். பாய் தொழுகைக்குப் போகும்போது கடை அவர் பொறுப்பு.

அவர் பின்பக்கம் போய்க் கையைக் கழுவினார். ஈரம் போகத் துடைத்தார். பிறகு கிட்டாரின் தலைப்பக்கம் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்தினார். அது அந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து அவர் செய்துவரும் காரியம். யாரிடமும் சொன்னதில்லை.

"பகல்ல பட்டது போதும்," என்றார் அதனிடம். "ராத்திரியாவது இழுபடாமத் தூங்கு."



வியான்னி டப்பாவை மேசையில் கவிழ்த்தார். வெள்ளைக் குவியலைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"கடை சாத்துற வரைக்கும் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

வியான்னி குவியலை மறுபடி டப்பாவில் அள்ளிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வகுப்பு முடிந்தது.

தொபியாஸுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யாரை விட்டுவிட்டோம்? விடிந்ததும் புரிந்த மாதிரி இருந்தது. வெயிலில் மாட்டியதே பாய்தானே. நட்புக்காக அவரை விட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டார். ஒரு பிக் போட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் வியான்னி.

"பாயையும் சேத்துட்டேன்."

"சரி. எல்லாரும் வந்தாச்சா?"

தொபியாஸ் டப்பாவோடு திரும்பி வந்தார். செய்தவர்கள் எல்லோரையும் போட்டாகிவிட்டது. ஒருவேளை செய்யாதவர்களையும் போட வேண்டுமோ? தடுக்கக்கூடியவர், தடுக்காமல் உட்கார்ந்து கேள்வி கேட்பவர்?

அடுத்த நாள் படியேறி வந்து, வியான்னியின் கண் எதிரிலேயே ஒரு பிக்கைப் போட்டார்.

"இது யாருக்கு அண்ணே?"

"உங்களுக்கு."

வியான்னி வாய்விட்டுச் சிரித்தார். "நியாயந்தான்," என்றார். பிறகு, "எல்லாரும் வந்தாச்சா?"

தொபியாஸ் டப்பாவைத் தள்ளிவிட்டார். "மாஸ்டர், நாளை கழிச்சு அதைத் தூக்கிட்டுப் போயிருவான். நீங்க பிக்கை வெச்சு விளையாடுதீங்க."

வியான்னி டப்பாவை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நானும் கடைக்கு வாரேன்."



வெள்ளிக்கிழமை சாயங்காலம். பாய் இருவருக்கும் டீ சொன்னார்.

"அந்தக் கிட்டாரை ஏன் பாய் ஸ்டுடியோவுக்குக் குடுக்கீங்க?" என்றார் வியான்னி.

"பின்ன என்ன செய்ய மாஸ்டர்? நல்ல மரம்னுதான் வரவழைச்சேன். பாக்க ராஜா மாதிரி இருக்கு. ஆனா சுருதி நிக்க மாட்டேங்குது. காலையில வந்ததும் கூட்டி வைக்கேன். அன்னைக்குப் பூரா நிக்குது. மறுநாள் வந்து பாத்தா இறங்கிக் கிடக்கு. சில நாள் கூட்ட மறந்துருவேன். அன்னைக்குன்னு பாத்து நல்லா வாசிக்கிறவங்க வருவாங்க."

"வாசலுக்கு எப்ப வந்துச்சு?"

"மாசக்கணக்காப் பாத்தேன். ஒரு நாளாவது நிக்கணும்லா? சீக்காளிக் கிட்டாரை உள் சுவத்துல வெச்சு என்ன பிரயோஜனம்? தூக்கி வாசல்ல போட்டேன். அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு அதும்மேல உசுரா இருந்துச்சு. எத்தனை தடவை வந்து வந்து பாத்துச்சு, பாவம்."

பாய் டீயை உறிஞ்சினார்.

"கடல் காத்துன்னு சொல்லிச் சமாளிக்கேன். இந்த ஊர்ல மத்த கிட்டாருக்கெல்லாம் காத்து அடிக்கலியா என்ன?"

வியான்னி டீயைக் குடித்தார். தொபியாஸின் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாங்கு கேட்டது.

"பாத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் பாய் போனார்.

தொபியாஸ் எழுந்தார். பின்பக்கம் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து கிட்டாரின் முன் நின்றார். கை தானாகத் திருகுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"விட்டா ராத்திரி முழுக்க இழுத்துக்கிட்டே கிடக்கும் மாஸ்டர்."

"கிடக்கும்."

"வலிக்குமே."

"யாருக்கு அண்ணே?"

தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது நின்று, அணைந்து, ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்தும் வரை தொபியாஸ் அசையவில்லை. பிறகு கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.



மறுநாள் ஸ்டுடியோக்காரர் ஆட்டோவோடு வந்தார். தொபியாஸும் வியான்னியும் முன்பே வந்திருந்தார்கள்.

"எடுத்துத் தாங்க பாய். மாப்பிள்ளை மேக்கப் போட்டு உக்காந்திருக்காரு."

பாய் கிட்டாரைக் கழற்றினார். தூசியைத் தட்டும்போது கட்டைவிரல் கம்பிகளின் மேல் பட்டு இறங்கியது.

கம்பிகள் சுருதி சுத்தமாக ஒலித்தன.

பாய் இன்னொரு முறை மீட்டினார். குனிந்து காதை மரத்தின் மேல் வைத்தார்.

"நிக்குது! இன்னைக்கு நான் தொடவே இல்லையே. நேத்துக் கூட்டுனது அப்படியே நிக்குது!"

"பாய், நேரம் ஆவுது," என்றார் ஸ்டுடியோக்காரர்.

பாய் பக்கத்தில் தொங்கிய பிளாஸ்டிக் கிட்டார் ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தார். "உம்ம மாப்பிள்ளைக்கு எதுவா இருந்தா என்னவே? வாசிக்கவா போறாரு? கொண்டு போரும்."

ஆட்டோ போனது. பாய்க்கு இருப்பு கொள்ளவில்லை.

"தொபியாஸ் அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. இதை இனிமே எவனும் தொடக் கூடாது. அந்தக் கண்ணாடிப் பெட்டியக் காலி பண்ணுதேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களை மாதிரி அதைப் பாத்துக்கிடுறவங்க யாரு?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னச் சாவி வந்தது. பாய் அதை நீட்டினார்.

தொபியாஸின் கை பாதி தூரம் போனது.

"வேண்டாம் பாய்."

"ஏன்?"

"கம்பியத் தளத்துனது நான்தான்."

"எப்ப?"

"தெனமும். நீங்க தொழப் போறப்ப."

பாய் சாவியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"உங்ககிட்ட பாத்துக்கிடத்தானே சொன்னேன்?"

"பாத்துக்கிட்டதாத்தான் நெனச்சேன் பாய்."

பாய் கிட்டாரை மேசையின் மேல் படுக்க வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"இப்ப இதை என்ன செய்ய?" என்றார் கடைசியில். "பூட்டவா? மறுபடி வாசல்ல மாட்டவா? அந்தப் பொண்ணுக்குச் சொல்லி விடவா?"

"தெரியல பாய். சத்தியமாத் தெரியல."

தொபியாஸ் முக்காலியில் உட்கார்ந்தார். வியான்னி வந்தார். மேசையிலிருந்து கிட்டாரை எடுத்து, தொபியாஸ் கேட்காமலே அவர் மடியில் வைத்தார். தொபியாஸின் பெல்ட் பக்கிள் ஈட்டி மர முதுகில் டக்கென்று இடித்தது. மூன்று பேருக்கும் கேட்டது.

வியான்னி தகர டப்பாவைத் திறந்து அவர் முன் நீட்டினார்.

"உங்களோடதை எடுத்துக்கிடுங்க அண்ணே."

தொபியாஸ் விரலை விட்டுக் கிளறினார். தேங்காய் போலத் தட்டியவர், காய்கறிப் பைக்காரர், படம் எடுத்தவர்கள், பாய், மாஸ்டர். எல்லாம் வெள்ளை. மறுபடியும் கிளறினார்.

"எதுன்னு தெரியலையே மாஸ்டர்."

"அப்ப ஏதாவது ஒண்ணை எடுத்து வாசிங்க."