கும்மிக்கு வந்த முஷ்டி

ஆற்றில் வெள்ளம் வந்த அன்று நாச்சிமுத்து ஒரு புங்கமரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். வெள்ளம் வடிந்துவிட்டது. அவருடைய விரல்கள் மட்டும் விரியவில்லை. எலும்பிலும் நரம்பிலும் ஒரு குறையும் இல்லை என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். இதற்கிடையில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியைத் தாத்தா எட்ட நின்று பார்ப்பதோடு சரி.

ஊருக்கு வெளியே மடத்தில் இருந்த வேலாத்தாளிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"ஏனுங்கம்மா, தெனமும் கண்ணை மூடி உக்காந்து மனசுக்குச் சொல்றனுங்க. வெள்ளம் போயிருச்சு, பொழைச்சுட்டேன்னு. மனசு செரின்னுதான் சொல்லுது. கை கேக்க மாட்டேங்குதுங்க. பேத்தியை எப்பத் தூக்குவனுங்க?"

வேலாத்தாள் எழுந்தார்.

"கும்மிக்குப் போலாம், வாங்க."

"பேத்தியைக் கேட்டா கும்மிங்கறீங்களே?"

"நேரமாச்சுங்க, வாங்க."

மாரியம்மன் கோயில் முன்னால் வள்ளிகும்மிப் பயிற்சி. ஆணும் பெண்ணும் வட்டமாக நின்றார்கள். பாட்டு தொடங்கியதும் எல்லோர் கையும் பளீர் பளீரென்று ஒலித்தது. நாச்சிமுத்துவின் முஷ்டிகள் 'டொக்' என்று இடித்துக்கொண்டன.

பக்கத்தில் ஆடியவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க மாமா, கும்மிக்கு வந்தீங்களா, குஸ்திக்கு வந்தீங்களா?"

வட்டமே சிரித்தது. குரு என்ற கெத்தெல்லாம் பார்க்காமல் வேலாத்தாளும் சிரித்தார். நாச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். கால் பழகியது, இடுப்பு பழகியது. கை மட்டும் டொக் டொக்தான்.

ஒரு சாயங்காலம் பாட்டுக்காரர் வேகத்தைக் கூட்டினார். குனிந்து சுற்றி எழுந்ததில் நாச்சிமுத்துவின் வேட்டி அவிழப் பார்த்தது. தன்னையறியாமல் வாரிச் செருகிக்கொண்டு மறுபடி அடித்தார்.

பளீர்.

வேறு யாரோ அடித்ததாக நினைத்தார். மறுபடியும் பளீர். உள்ளங்கை எரிந்தது. ஆடிக்கொண்டே ஓவென்று அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். குஸ்தி என்று கேலி செய்தவள்தான் முதல் குலவை போட்டாள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து பேத்தியை அவர் கையில் கொடுத்தாள். பேத்தி தாத்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் மேலேயே மூத்திரம் பெய்தாள். அதற்கும் ஒரு குலவை.

நனைந்த சட்டையோடு பேத்தியைத் தூக்கிக்கொண்டு குருவிடம் வந்தார்.

"இத்தனை நாளா மனசுக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்தும் ஆகலைங்களேம்மா. இப்ப எப்படிங்க ஆச்சு?"

வேலாத்தாள் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மரத்தைப் புடிச்சது மனசுங்களா?"