நிமிஷத்துக்கு ஒரு கேள்வி

ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டக் கம்பெனி. அங்கே ஒரு குரு, ஒரு சீடர். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு உலகம் இப்படித்தான் தலைகீழாக அமைகிறது, நாம் என்ன செய்ய?

குருவின் பெயர் மெஹருன்னிசா. வாணியம்பாடிப் பெண். கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலைகளை எல்லாம் தானாக ஓடும்படி அமைத்தவள் அவள்தான். சீடர் சவரிநாதன், பூப்பெட்டிகளை லாரியில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்பும் சூப்பர்வைசர். ஒவ்வொரு பெட்டியையும் கையால் ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் லாரிக் கதவைச் சாத்த விடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அவரும் சளைக்காமல் கற்றுக்கொண்டார். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மத்தியானம் அவர் ஓடி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"டீச்சர், கதவைச் சாத்திட்டாங்க!"

"யாரு, எந்தக் கதவை?"

"ஏர்லைன்ஸ்காரங்க. விமானத்துல நம்ம சரக்குக்கு இடம் உறுதியாச்சான்னு நம்ம கம்ப்யூட்டர் கேட்டா, 'மிக அதிகமாகக் கேட்கிறீர்கள், பொறுத்திருங்கள்'னு பதில் வருது. அதைத் தவிர வேற ஒண்ணுமே வரலை. நாலு மணிக்கு லாரி கிளம்பணும். இடம் உறுதியாகாம கிளப்ப முடியாது. இன்னிக்குப் போகலைன்னா அத்தனை பூவும் குப்பைக்குத்தான்."

போன சீசனில் ஒரு லோடு அப்படித்தான் போயிற்று. இடம் உறுதியான தகவலை யாருமே பார்க்காமல் விட்டுவிட்டார்கள். பூ வெட்டிய பெண்கள் வந்து, அழுகிக் கிடந்த குவியலைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"எப்பப்ப கேக்குது?" என்றாள் மெஹருன்னிசா.

"நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் டீச்சர்."

"லோடுக்கு ஒரு தடவையா?"

"இல்ல. பெட்டிக்கு ஒரு தடவை."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எல்லாப் பெட்டிக்கும் ஒரே புக்கிங்தானே அண்ணா?"

"ஒரே புக்கிங்தான். அதுக்காக ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்க்காம விட முடியுமா?"

"இடம் உறுதியானா அவங்களே தகவல் அனுப்புவாங்க, அதை வாங்கிக்க நம்ம கம்ப்யூட்டர்ல ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. அவங்க மறந்து தொலைச்சிட்டாங்கன்னா?"

சவரிநாதன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஏபிஐ கால், அதான் நம்ம கம்ப்யூட்டர் அவங்க கம்ப்யூட்டரைக் கேக்கிறது, குறையணும், ஆனா தகவல் மட்டும் தவறிடக் கூடாது டீச்சர். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டா சரியா இருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க."

மெஹருன்னிசா எழுந்து வெளியே நடந்தாள். பாத்ரூமுக்குப் போகிறாளாக்கும் என்று அவர் நின்றார். அவள் நேராகப் பூக்கள் இருக்கும் கோல்ட் ரூமுக்குப் போனாள். அவரும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனார்.

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். உடனே மறுபடி திறந்தாள். பார்த்தாள். சாத்தினாள்.

"என்ன பண்றீங்க டீச்சர்?"

"குளிர் சரியா இருக்கான்னு பார்க்கிறேன்."

"இப்பத்தானே பார்த்தீங்க?"

"அது அப்ப. இப்ப மாறியிருக்குமே." மறுபடியும் திறந்தாள்.

சவரிநாதனுக்குச் சுர்ரென்று ஏறியது. டீச்சராவது ஒன்றாவது!

"ஏம்மா, அறிவிருக்கா? திறந்து திறந்து மூடினா உள்ள குளிர் எப்படி நிக்கும்? மொட்டெல்லாம் விரிஞ்சிடும், கதவை விடுங்க!"

"திறக்காம எப்படித் தெரியும்?"

"சூடு ஏறினா மணி அடிக்கும்மா! பின்ன எதுக்கு அதை வெச்சிருக்கு, அழகுக்கா?"

"ஓ, சரி அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

சவரிநாதன் கோல்ட் ரூம் வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. நான் என்ன கேட்டேன், இந்தப் பொண்ணு என்ன செய்யுது? ஊரே பற்றி எரிகிற நேரத்தில் குளிர் பார்க்கிறாளே! ஏதோ பாதி புரிகிற மாதிரி இருந்தது. அந்தப் பாதியும் பிடிக்குள் நிற்கவில்லை. சரி, கொஞ்சம் குறைத்துப் பார்ப்போம் என்று போய் ஒரு நிமிஷத்தைப் பத்து நிமிஷமாக மாற்றினார்.

ஏர்லைன்ஸ்காரர்களின் கதவு திறந்தபாடில்லை. மறுபடி ஓடி வந்தார்.

"பத்து நிமிஷம் ஆக்கிட்டேன் டீச்சர். இன்னும் அவங்க திறக்கலை."

"திறக்கலைன்னு எப்படித் தெரியும்?"

"திறந்தாங்களான்னு கேக்கத் தனியா ஒண்ணு ஓட விட்டிருக்கேன்."

"அது எப்பப்ப கேக்குது?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது... நிறுத்தாம கேக்குது."

"அது ஒழுங்கா ஓடுதான்னு பார்க்கவும் ஒண்ணு இருக்குமே?"

"உங்களுக்கு யார் சொன்னா?" என்று ஆச்சரியப்பட்டார் சவரிநாதன்.

மெஹருன்னிசா சிரித்தே விட்டாள். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஆசை ஆசையாகச் செய்து வைத்த ஏற்பாடு அது. ஒருத்தன் கேட்பான், இன்னொருத்தன் அவனைப் பார்த்துக்கொள்வான், எதுவும் தவறாது என்று நினைத்திருந்தார்.

"எல்லாத்தையும் நிறுத்துங்க அண்ணா."

"கொஞ்சம் குறைச்சா போதாதா?"

"நிறுத்துங்க."

"எனக்குப் பயமா இருக்கு டீச்சர். மறுபடியும் ஒரு லோடு என் கையால குப்பைக்குப் போனா நான் இங்க நிக்கவே மாட்டேன்."

"தெரியுது. நிறுத்துங்க."

அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தினார். நிறுத்தி முடித்ததும் அவள் திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அது அடுத்ததைத் தொடும். சவரிநாதன் அந்தப் பக்கத்தை இதுவரை பார்த்ததே இல்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள் மாதிரி கூட்டம். அத்தனையும் அவருடைய கேள்விகள். பதில் கிடைக்காத கேள்வி ஒவ்வொன்றும் திரும்ப வந்து முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"ஒவ்வொண்ணுலயும் 'அவசரம்'னு போட்டிருக்கீங்களே?"

"அவசரம்தானே டீச்சர்?"

"அவசரம்னு இருந்தா வரிசைல முன்னாடி விட்டுடும்."

"அதுக்காகத்தான் போட்டேன்" என்றார் அவர் பாவமாக.

"கேள்விகளை மட்டும் அழிங்க. வேற எதையும் தொடாதீங்க."

அழிக்க ஆரம்பித்தார். பெட்டி வாரியாகக் கேள்விகள் மறைந்துகொண்டே வந்தன. வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். சவரிநாதனின் கை தானாகச் செல்போனுக்குப் போயிற்று. ஏர்லைன்ஸ் ஏஜென்டை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டால் என்ன? மெஹருன்னிசா அவர் கையையே பார்த்தாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். கேட்க எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டமா என்று இருந்தது.

கடைசிக் கேள்வியும் அழிந்தது. அடுத்த மூச்சு விடுவதற்குள் திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. எல்லாப் பெட்டிக்கும் இடம் உறுதி. லாரி புறப்படலாம்.

"கிளப்புய்யா! கிளப்பு, கிளப்பு!"

சவரிநாதன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். அந்த ஓட்டத்திலும் ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்க்காமல் அவர் விடவில்லை, அது வேறு விஷயம். லாரி கேட்டைத் தாண்டித் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

"நாம கேக்காம இருந்ததும் உடனே அனுப்பிட்டாங்க பார்த்தீங்களா டீச்சர்! நல்ல மனுஷங்க."

நன்றி சொல்கிறவர் மாதிரி திரையை இன்னொரு தடவை பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். தகவல் வந்த நேரம் அந்த வரியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

"டீச்சர், இது காலைல வந்ததுன்னு போட்டிருக்கு."

"ஆமா அண்ணா."

"காலைல பெட்டியே கட்டி முடிக்கலையே. அப்பவே அனுப்பிட்டாங்களா?"

"அப்பவே அனுப்பிட்டாங்க."

"அப்படின்னா இவ்வளவு நேரம் இது எங்க போச்சு? ஏன் எனக்கு வந்து சேரலை?"

மெஹருன்னிசா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்கேயும் போகலை அண்ணா. நீங்க கேட்டு முடிக்கட்டும்னு வரிசைல நின்னுக்கிட்டு இருந்துச்சு."