செக்காட்டி தள்ளிய சுவர்

காதைக் கொடுத்துக் கேளுங்கள் மக்களே. ரயிலும் கடிகாரமும் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது.

கொன்றையூரில் ஏகாம்பரம் என்றொரு செக்காட்டி. தேரோடும் வடக்கு வீதியில், வீட்டை ஒட்டி அவனுடைய செக்குக் கொட்டில், மண்சுவரோடு நின்றது. ஐப்பசி மழையில் கரைந்த சுவரை வருஷா வருஷம் எழுப்புவான். முதல் வருஷம் ஒரு சாண் தெருப் பக்கம் தள்ளி எழுப்பினான். மறு வருஷம் ஒரு சாண். அதற்கு மறு வருஷமும் ஒரு சாண். அச்சு முறிந்து தேர் ஓடாத வருஷங்கள் அவை, கேட்க நாதியில்லை. செக்குமாடு தாராளமாகச் சுற்றியது.

நாலாம் வருஷம் புது அச்சு பூட்டினார்கள். பங்குனியில் தேர் என்று தமுக்கு அடித்தார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஏகாம்பரத்தின் மருமகன் வைரவனை நிறுத்தினார்கள்.

ஏகாம்பரம் வீதியில் இறங்கிச் சாண் போட்டு அளந்தான். கட்டை போடுகிறவன் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் அல்லவா நடக்க வேண்டும்? வடக்கு வீதியில் சக்கரம் போக இடமிருந்தது, கூட ஓர் ஆள் போக இடமில்லை. சுவரை உள்ளே தள்ளினால் தீர்ந்தது. தள்ளினால் தெருத் திருடன் என்று ஊரே காறித் துப்புமே.

தேருக்கு மூன்று நாள் இருக்கக் கடப்பாரையை எடுத்தான். "நல்ல சுவரை ஏன்யா குத்துறே?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "எலி வளைங்க," என்று சொல்லிக் கீழே வைத்தான்.

இரண்டு நாள் இருக்க மறுபடி எடுத்தான். வைரவனைக் கட்டிய மகள் வந்து நின்றாள். "அப்பா, ஊரே எங்க வீட்டுக்காரரைத்தான் பார்க்கப் போகுது," என்று பூரித்தாள். கடப்பாரையைக் கொட்டிலுக்குள் சாத்தினான்.

ஒரு நாள் இருக்க மருமகனிடமே போனான். "மாப்பிள்ளே, இந்த வருஷம் வேற யாராவது கட்டை போடட்டுமே."

"அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே மாமா," என்று சிரித்தான் வைரவன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

தேர் கிளம்பிற்று. கிழக்கு, தெற்கு, மேற்கு என மூன்று வீதியும் கடந்து வடக்கு வீதியில் திரும்பிற்று. கொட்டில் வாசலில் ஏகாம்பரம் நின்றான். இருபது அடி. பத்து அடி. கட்டையைச் சுமந்துகொண்டு சக்கரத்தோரம் வைரவன்.

ஏகாம்பரம் வடத்துக்குக் குறுக்கே போய் விழுந்தான். "இழுக்காதீங்க. மூணு சாண் தெருவைத் தின்னவன் நான். இந்தச் சுவர் ஆளைக் கொன்னுடும்."

ஊரார் வடத்தைக் கீழே விட்டார்கள். அத்தனை கண்களுக்கும் முன்னால் கடப்பாரையால் சுவரை இடித்தான். கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகிவிட்டு வைரவனும் வந்து மண் அள்ளினான். பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வந்தது.

மறுநாள் மூன்று சாண் உள்ளே புதுச் சுவர் எழுந்தது. செக்குமரத்தைக் குறுக்க வேண்டியதாயிற்று, மாடு சின்ன வட்டமாகச் சுற்றியது. அன்று முதல் ஊரில் அவன் பேர் தெருத்தின்னி. யார் அப்படிக் கூப்பிட்டாலும் "என்ன?" என்று கேட்பான், பக்கத்தில் மருமகன் உயிரோடு நின்றான்.

பொதுவிடத்தில் திருடியது ஒரு சாணே ஆனாலும், அவமானத்துக்கு அஞ்சாமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.