சபையில் சுழன்ற சுருள்வாள்

ஈரத்துணியை யாராவது உதறினால் போதும், மாடப்பனுக்கு அந்தச் சத்தம் காதில் விழும். இடுப்பில் கச்சைபோலச் சுற்றியிருந்த சுருள்வாளை ரங்கண்ணன் சபை நடுவே அவிழ்த்த சத்தம்.

அப்போது மாடப்பன் வெள்ளூற்று ராஜாவின் அடைப்பக்காரன். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியோடு நிற்பது அவன் வேலை. ராஜா சிரிக்கும்படி பேசுவது அதைவிடப் பெரிய வேலை.

அரண்மனைக் காவலுக்கு இனி ஒரே ஆயுதம் போதும் என்று ராஜாவுக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. ஒரு பக்கம் வாள்காரன் ரங்கண்ணன். மறுபக்கம் வளைதடி வீசும் கழுவன். எது உயர்ந்தது என்று சபையில் பேசி முடிவெடுப்பார்கள்; தோற்றவன் தன் நாற்பது ஆட்களோடும் அவர்கள் பெண்டு பிள்ளைகளோடும் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

சிற்றம்பலக் கவிராயர் எழுந்தார். ரங்கண்ணன் கொடுத்த பட்டு அவர் தோளில் பளபளத்தது.

"பெயரைப் பாருங்கள் மகாராஜா. சுருள்வாள்! சுருண்டு கிடந்தாலும் அது வாள். வளைதடி? எப்படி வளைந்தாலும் தடிதானே! ஆடு ஓட்டுகிறவன் கையிலும் ஒன்று இருக்கிறது."

சபை சிரித்தது. கழுவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன மாடப்பா, வாய் நிறைய வெற்றிலையா?" என்றார் ராஜா.

"கவிராயர் சொன்ன பொருளில் ஒரு குறையும் இல்லை, மகாராஜா. உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிற வாள். இங்கேயே ஒருதடவை சுழற்றச் சொல்லுங்கள், கண்குளிரப் பார்ப்போம்."

"அடப்பாவி, நீயுமா?" என்று கழுவன் முணுமுணுத்தான்.

ரங்கண்ணன் வாளை அவிழ்த்தான். முதல் சுற்றிலேயே மந்திரிகள் சுவரோடு ஒட்டினார்கள். கவிராயர் தூணுக்குப் பின்னால் போனார், பட்டு மட்டும் வெளியே தெரிந்தது.

"இன்னும் ஐந்தடி இடம் வேண்டும்!" என்று கத்தினான் ரங்கண்ணன். சுழல்கிற வாளை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

ராஜா முதலில் காலைத் தூக்கிக்கொண்டார். பிறகு எழுந்தார். பிறகு சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

வாள் ஓய்ந்தது. மாடப்பன் கைகூப்பினான்.

"வடக்கேயிருந்து மூன்று படை வந்தது, மகாராஜா. உங்களை இந்த ஆசனத்திலிருந்து இறக்க முடிந்ததா? இந்த வாள் நாலே சுற்றில் இறக்கிவிட்டது! கழுவனின் தடி வாசலில் நின்றே ஐம்பதடிக்கு அப்பால் ஓடுகிறவன் காலைத் தேடும். இதுவோ ஐந்தடிக்குள் யார் கழுத்தானாலும் சரி என்கிறது. பெரிய ஆயுதம், சந்தேகமே இல்லை. மரியாதையை வாளுக்குக் கொடுங்கள். காவலைத் தடிக்குக் கொடுங்கள்."

ராஜா சுற்றிவந்து ஆசனத்தில் உட்கார்ந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கழுவன் வாசலிலேயே இருந்தான். ரங்கண்ணன் பொன்னாடையோடு எல்லைக் கோட்டைக்குப் போனான், ஆட்களோடு.

மாடப்பனுக்கு ஒரு கிராமமே பரிசாகக் கிடைத்தது. அரண்மனையிலிருந்து ஆறு நாள் நடை. ராஜா ஆசனத்துக்குப் பின்னால் ஒளிந்ததை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவன் அவன் ஒருவன்தான். வெற்றிலைப் பெட்டி வேறு கைக்குப் போனது. அந்தக் கிராமத்தில் மாடப்பன் முப்பது வருஷம் இருந்து செத்தான். ஒருதடவைகூட அவனைச் சபைக்குக் கூப்பிடவில்லை.