எட்டிமங்கலம் கிளைக்குப் பெரிய மானிட்டர் வந்த கதை

எட்டிமங்கலம் என்று ஓர் ஊர். பக்கத்திலிருக்கும் இரண்டு மாவட்டங்களையும் விசாரித்தால், அது மற்ற மாவட்டத்தில் இருப்பதாக இரண்டுமே அடித்துச் சொல்லும். அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு புத்தகக் கம்பெனியின் கிளை இருந்தது. பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அதன் வேலை. ஒரு மேனேஜர், மூன்று ஊழியர்கள், ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

மேனேஜர் பெயர் மாசிலாமணி. டைப் அடிப்பவர் கோமளா. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். பக்கத்தைப் பார்த்து உரக்க வாசிப்பவர் சவரிமுத்து. அடித்ததைச் சரிபார்ப்பவர் பூவராகன், ஆறடி மூன்றங்குலம். நால்வரும் நேர்மையானவர்கள், உழைப்பாளிகள், சொன்ன சொல்லை அப்படியே நிறைவேற்றுபவர்கள். அவர்களிடம் குறை என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் அந்த மூன்றாவது குணத்தைச் சொல்லலாம்.

அப்போது அவர்கள் கையில் இருந்தது, இன்னும் முதல் பக்கமே தொடங்காத முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க மூலிகை அகராதி. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் முடித்தால் அன்றைக்கு எல்லோருக்கும் பஜ்ஜி. இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் மாசிலாமணியின் மனைவிக்குத் தம்பி, ஜெகதீசன்.

"அத்தான், அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அகராதி முடிஞ்சிருக்கணும். இல்லன்னா கிளைய மூடிடறதா முடிவு பண்ணிட்டாங்க. நீங்க இங்க வந்து எனக்குக் கீழ வேலை பாக்க வேண்டியிருக்கும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

மாசிலாமணிக்கு உண்டு. அவர் கல்யாணத்தன்று, சின்னப் பையனாக டவுசர் அவிழ்ந்து அழுதுகொண்டு நின்ற ஜெகதீசனுக்கு அரைஞாண் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டதே அவர்தான். அந்த ஜெகதீசனை இனிமேல் தினமும் காலையில் எழுந்து நின்று "சார்" என்று சொல்வதா?

"கவலப்படாதீங்க அத்தான். ஒரு பெரிய மானிட்டர் அனுப்புறேன். மானிட்டர் பெருசானா வேலையும் பெருகுமாம். ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க" என்று ஜெகதீசன் போனை வைத்தார்.

திங்கட்கிழமை மானிட்டர் வந்தது. பெட்டியின் மேல் இருபத்தேழு அங்குலம் என்று போட்டிருந்தது. பூவராகன் தையல்கடையிலிருந்து டேப் வாங்கி வந்து அளந்தார். அகலம் இருபத்து மூன்றரை.

"சார், மூணரை அங்குலத்தக் காணோம்" என்றார்.

பெட்டியைக் கவிழ்த்து உதறினார்கள். தெர்மாகோலை உடைத்துப் பார்த்தார்கள். கொண்டுவந்த லாரி ஆபீசுக்குச் சவரிமுத்து போய், வழியில் எங்கேயாவது மூன்றரை அங்குலம் விழுந்துகிடந்ததா என்று கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் மானிட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டதில், அந்த அளவு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக அளப்பது என்று தெரிந்தது. அளந்தார்கள். இருபத்தேழு.

"அப்போ சாய்ச்சு வச்சாதான் சார் முழுசும் கிடைக்கும். நேரா வச்சா மூணரை நஷ்டம்" என்றார் கோமளா.

இது நியாயமாகப் பட்டது. மானிட்டரை மட்டும் சாய்த்தால் அது நிற்கவில்லை. ஆகவே மேசையின் இடப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி மேசையையே சாய்த்தார்கள். செவ்வாய்க்கிழமை முழுவதும் கீபோர்டு வலப்பக்கமாக வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. கோமளாவும் நாற்காலியோடு அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது டீ கிளாஸ் உடைந்ததும், மூன்றரை அங்குலம் போனால் போகட்டும் என்று செங்கலை எடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை மாசிலாமணி திரையை உற்றுப் பார்த்தார். "இவ்வளவு பெரிய மானிட்டர்ல எழுத்து மட்டும் பழைய எழுத்தாவே இருக்கே. பெரிய வேலை எங்க நடக்குது?"

எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஒரு திரைக்கு ஒரே ஓர் எழுத்து என்று ஆனபோது நிறுத்தினார்கள். அதற்குமேல் பெரிதாக்கினால் சுழி வெளியே போய்விடுகிறது. 'கடுக்காய்' என்ற சொல்லுக்கு ஐந்து திரை ஆயிற்று. சரிபார்ப்பதற்குப் பூவராகன் தெருவுக்கு இறங்கிப் போய் அங்கிருந்து பார்க்க வேண்டியிருந்தது. "க!" என்று அவர் தெருவில் நின்று கத்துவார். "சரி!" என்று உள்ளேயிருந்து கோமளா பதில் கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை மாசிலாமணி அறிக்கை எழுதி அனுப்பினார். 'முன்பு எழுத்தின் உயரம் கால் அங்குலம். தற்போது பதினோரு அங்குலம். ஒரே வாரத்தில் வேலை நாற்பத்து நான்கு மடங்கு பெருகியுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

சனிக்கிழமை போன் அடித்தது.

"அத்தான், எத்தனை பக்கம் முடிஞ்சிருக்கு?"

"பக்கத்த எண்றதெல்லாம் பழைய முறை மாப்பிள்ள. உயரத்த வச்சுப் பாத்தோம்னா..."

"எத்தனை பக்கம்?"

"நாலு."

ஜெகதீசன், "நீங்க உக்கார்ற விதம் சரியில்லன்னு தோணுது. ஒரு நிபுணர் எழுதின குறிப்பு அனுப்புறேன். அதுல உள்ளத ஒரு வரி விடாம அப்படியே செய்யுங்க" என்றார்.

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை எழுத்தைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டார்கள். அன்றே குறிப்பும் வந்தது. மூன்றே வரி. திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்க வேண்டும்.

"யார் கை?" என்று சவரிமுத்து கேட்டார்.

"நீளமான கை என்னோடதுதான்" என்று பூவராகன் நீட்டினார்.

"நீளத்துக்காகவா கேக்கறாங்க? ஆபீஸ் விஷயம்னா மேனேஜர் கைதான் முறை" என்றார் கோமளா.

அதன்படி மாசிலாமணி கோமளாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் திரையைத் தொட்டுக்கொண்டார். தூரம் சரியாக இருந்தது. கையை எடுத்தால் தூரம் மாறிவிட்டதா இல்லையா என்பதற்கு என்ன உத்தரவாதம்? எடுக்கவில்லை. அவர் உள்ளங்கைக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று கோமளா அவ்வப்போது விசாரித்துக்கொண்டார்.

இருபதடிக்கு அறையில் இடமில்லை. அறையின் நீளமே பதினான்கு அடி. ஜன்னல் வழியாக டேப் பிடித்து அளந்ததில், எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்த வீரபத்திரன் மிகச் சரியாக இருபதாவது அடியில் நின்றார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நால்வரும் ஜன்னலில் வரிசையாக வந்து நின்று அவரை வெறித்துப் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவை வீரபத்திரன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். "என்னய்யா மொறைக்கிறீங்க? எவன் சட்டை தீஞ்சுபோச்சு, சொல்லுங்க!"

"சட்டை ஒண்ணும் தீயல. நிபுணர் பாக்கச் சொன்னாரு" என்றார் மாசிலாமணி, ஒரு கையை உள்ளே திரைப் பக்கமாக நீட்டியபடியே.

"என்னையவா?"

"உங்களத்தான். இருபது விநாடி."

வீரபத்திரன் யோசித்தார். மறுநாள் பவுடர் போட்டு, சிவப்புச் சட்டையில் வந்தார். பார்க்கிற நேரம் நெருங்கினால் மீசையை ஒதுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நிற்பார். தொல்லை என்னவென்றால், துணியைத் திருப்பும்போதெல்லாம் அவர் ஓரடி இப்படி, ஓரடி அப்படி நகர்ந்தார். ஆகையால் ஒவ்வொரு தடவையும் டேப் பிடித்து அவரைப் பழையபடி இருபதாவது அடியில் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு உள்ளே வருவதற்குள் அடுத்த இருபது நிமிடம் ஆகிவிடும்.

கண் மட்ட விவகாரம் இதைவிடச் சிக்கல். மானிட்டர் கோமளாவின் கண்ணுக்கு மூன்று விரற்கடை தாழ்ந்திருந்தது. உயர்த்த எதை வைப்பது? ஒரு மனைப்பலகை வைத்தார்கள், உயரம் போதவில்லை. செங்கல் வைத்தார்கள், கூடிவிட்டது. அளவெடுத்துச் செய்ததுபோல மிகச் சரியாகப் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான். பலகைக்கு மேல் வைத்த மூலிகை அகராதிக் கட்டு.

"கண்ணுக்கு நேரா வந்துடுச்சு! இனிமே பறக்கலாம். அண்ணே, வாசிங்க" என்றார் கோமளா.

சவரிமுத்து ஐந்தாம் பக்கத்தைத் தேடினார். அது மானிட்டருக்கு அடியில் இருந்தது.

மூவர் மானிட்டரைத் தூக்கிப் பிடிக்க, அவர் ஒரு தாளை உருவினார். மானிட்டரைத் திரும்ப வைத்ததும் பூவராகன் குனிந்து பார்த்து, "ஒரு தாள் கனம் இறங்கிடுச்சு" என்றார்.

நால்வரும் கவலையோடு அதைப் பார்த்தார்கள்.

"ஒரு பக்கம் முடிச்சா ஒரு தாள் இறங்கும். அகராதி முடியறப்ப மானிட்டர் பழைய எடத்துக்கே போயிடும். வேலை செய்யச் செய்ய வேலைக்கு வசதி கொறையுதே!" என்றார் மாசிலாமணி.

"அப்போ வேலை செய்யாம இருந்தாத்தான் வேலை நல்லா நடக்கும்" என்றார் சவரிமுத்து.

"எடுத்த தாளுக்குப் பதிலா அதே கனத்துல இன்னொரு தாள் வைக்கணும்" என்றார் பூவராகன்.

"அதே கனத்துல தாள் எங்க இருக்கு?"

பூவராகன் சவரிமுத்துவின் கையிலிருந்த தாளையே காட்டினார். இதைவிடப் பொருத்தமான தாள் உலகில் இருக்க முடியாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அது முதல் வேலை ஓர் ஒழுங்குக்கு வந்தது. மானிட்டரைத் தூக்குவார்கள். தாளை உருவுவார்கள். சவரிமுத்து ஒரு வரியை மனப்பாடம் செய்வார். தாளைத் திரும்பச் செருகி மானிட்டரை இறக்குவார்கள். கோமளா அந்த வரியை அடிப்பார். மறுபடி தூக்குவார்கள். புதன்கிழமை மாலை, ஒன்பது நாளில் மொத்தம் ஆறு பக்கம் முடிந்திருந்தது. மாசிலாமணி நீட்டிய கையை மடக்காமலேயே, "சார்... சார்..." என்று மெல்லச் சொல்லிப் பார்த்துப் பழக ஆரம்பித்தார்.

அன்றைக்குக் கடைசியாகத் தூக்கி இறக்கியபோது பின்னால் ஏதோ ஒரு ஒயர் கழன்றது. திரை கறுத்துப்போயிற்று.

வியாழக்கிழமை காலையிலும் கறுப்பாகவே இருந்தது. கீழே கம்ப்யூட்டர் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது.

"ஓய்வெடுக்குது போல. மூணு பேர் சேர்ந்து எத்தன தடவ தூக்கினோம், அதுக்கும் அலுப்பு இருக்காதா?" என்றார் சவரிமுத்து.

"பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னா கண் மட்டம் எதுக்கு?" என்று கோமளா கேட்டார்.

அகராதிக் கட்டை உருவி எடுத்தார்கள். தூரமும் தேவையில்லை என்று ஆனதால் மாசிலாமணி பத்து நாள் போல் தோன்றிய மூன்று நாளுக்குப் பிறகு கையை மடக்கினார். கண்ணுக்குக் களைப்பில்லாததால் ஜன்னலுக்கும் போகவில்லை. எதிரே வீரபத்திரன் தலையைச் சீவிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்.

வேறு வேலையில்லாத கோமளா, தாளைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார். இன்ஸ்டிடியூட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: கண் தாளை விட்டு நகரக் கூடாது, அடிக்கிற விரலையோ அடித்த எழுத்தையோ பார்த்தால் மிஸ் ஸ்கேலால் முட்டியில் போடுவார். முட்டி இன்னும் அதை மறக்கவில்லை. விரல்கள் ஓடின. அன்று மாலைக்குள் நூறு பக்கம். வெள்ளிக்கிழமை நூற்றுப் பத்து. சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைசிப் பக்கத்தையும் கவிழ்த்துவிட்டு, "பஜ்ஜி?" என்றார்.

நாலரை மணிக்கு ஜெகதீசன் வந்தார். கையில் ஒரு பெரிய பூட்டு.

"என்ன அத்தான், மானிட்டர் எரியவே இல்லையே?" என்று பின்னால் கைவிட்டு ஒயரைச் செருகப் போனார்.

"மாப்பிள்ள, வேணாம்! வெளிச்சம் வந்தா வேலை நின்னுடும்!" என்று மாசிலாமணி அவர் கையைப் பிடித்தார்.

ஜெகதீசன் உதறிவிட்டுச் செருகினார். திரை எரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. அவர் மேலே போய்ப் பார்த்தார், கீழே போய்ப் பார்த்தார். பிறகு வந்த வேலை மறந்துபோய்ப் பூட்டைச் சட்டைப்பைக்குள் திணிக்க முயன்றார். அது போகவில்லை.

"எப்படி அத்தான்?"

மாசிலாமணி அன்றே விளக்கமாக எழுதிக் கொடுத்தார். 'எரிந்த மானிட்டரில் ஒன்பது நாளில் ஆறு பக்கம். அதே மானிட்டர் எரியாமல் மூன்று நாளில் முந்நூற்று ஆறு பக்கம். அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது உண்மையே. வெளிச்சம்தான் இடைஞ்சல். எனவே இதைவிடப் பெரிதாகவும், இதைவிடக் கறுப்பாகவும் ஒன்று தேவை.' தலைமை அலுவலகத்தார் எண்களைப் படித்துவிட்டு, கேட்டதைக் கொடுக்கும்படி கையெழுத்துப் போட்டார்கள்.

கிளை பிழைத்தது. மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரிலிருந்து எட்டடிக்கு நாலடிக் கரும்பலகை ஒன்று வந்து சேர்ந்தது. மூலைக்கு மூலை அளந்தார்கள். நூற்றேழு அங்குலம்! பின்னால் ஒயர் செருகத் துவாரம் இல்லாததால் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினார்கள். கம்ப்யூட்டர் உறுமுவது கவனத்தைக் கலைக்கிறது என்று அதை நன்றியோடு தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கீபோர்டின் ஒயரையும் அதே ஆணியில் சுற்றினார்கள். தினமும் நானூறு பக்கம் என்று அறிக்கை போயிற்று.

இவ்வளவு பக்கத்தைப் பூவராகன் ஒருவரால் சரிபார்க்க முடியாதே என்று தலைமை அலுவலகம் கவலைப்பட்டு, அனுபவமுள்ள ஒருவரை எட்டிமங்கலத்துக்கு மாற்றல் செய்தது. அவர் தினமும் காலையில் மாசிலாமணியைக் கண்டதும் எழுந்து நின்று "வணக்கம் சார்" என்கிறார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு கரும்பலகைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை சாய்வாகத் தேடுகிறார். மூன்று மாதம் ஆகிறது. ஜெகதீசனுக்கு இதுவரை ஓர் எழுத்துப்பிழைகூட அகப்படவில்லை.