ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கியவள்

கழித்தல் கணக்கில் கெட்டிக்காரர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவசரப்பட்டால் செபஸ்தியான் சார் மாதிரி ஆகிவிடுவீர்கள். அவர் யார் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் இளைஞர்களுக்கான வேலை வழிகாட்டி மையம் ஒன்றில் பொற்கொடி ஆலோசகர். சேர வருகிற ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு தாள் உண்டு. மேலே தன் லட்சியத்தை எழுத வேண்டும். கீழே பத்துப் படிகள் வரைந்திருக்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அவரவரே குறிக்க வேண்டும். முதல் நாள் குறிப்பது பேனாவில். அதை யாரும் மாற்ற முடியாது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சிலில் குறித்து, என்ன செய்தோம் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுத வேண்டும்.

ஆண்டு முடிவில், அதிகம் முன்னேறியவருக்குச் சென்னையில் ஆறு மாதம் தங்கித் தன் தொழிலில் பயிற்சி பெற ஓர் இடம். ஒரே ஓர் இடம். இந்த விதியை எல்லாரிடமும் வாயால் சொன்னவளே பொற்கொடிதான். அதனால்தான் அன்று மதியம் மூன்று தாள்களை விரித்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் தாள் ஜெபராஜுடையது. கப்பலில் சமையல்காரராக வேண்டும். இரண்டில் தொடங்கி எட்டுக்கு வந்துவிட்டான். "எனக்குத்தானக்கா?" என்று காலையிலேயே வந்து கேட்டுவிட்டும் போயிருந்தான். அவன் எழுதிய வரிகள்: பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தேன். விண்ணப்பம் போட்டேன். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். பாஸ்போர்ட் வந்தது.

இரண்டாவது முத்துப்பேச்சி. ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்ய ஆசை. ஐந்திலிருந்து ஏழு. முதல் ஆண்டுத் தேர்வு எழுதினாள், தேறினாள், இரண்டாம் ஆண்டுக்குப் போனாள், ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது தாளை எடுத்தபோது பொற்கொடிக்கு மனசு கனத்தது. இசக்கியம்மாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வேண்டும் என்றவள். மொட்டை மாடியிலிருந்து கிரேன்களைப் பார்த்தே வளர்ந்தவள். முதல் நாள் தைரியமாக ஆறு என்று பேனாவில் குறித்தாள். அதன் பின் வந்த பென்சில் வரிகள் இவை:

யார்டு மேலாளரிடம் கேட்டுக் கேட்டு அனுமதி வாங்கி, முதல்முறையாகக் கிரேன் கூண்டுக்கு ஏறினேன். காலுக்குக் கீழே கண்ணாடித் தரை. கை நடுங்கியது. படி ஒன்று.

நான்கு தடவை ஏறிவிட்டேன். நடுக்கம் குறைந்திருக்கிறது. ஒன்றுதான்.

எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்ற அட்டவணையைப் படிக்கிறேன். இரண்டு.

பதினோரு தடவை ஆயிற்று. ஆபரேட்டர் அண்ணன் பக்கத்தில் இருக்க, வெறும் கொக்கியை இறக்கினேன். மூன்று.

அடுத்த ஆண்டு இந்தப் பயிற்சிக்கு அவள் வயது தாண்டிவிடும். பொற்கொடி போனில் கூப்பிட்டாள்.

"ஏ பிள்ள, மூணுன்னு போட்டிருக்கியே. சீட்டு போயிரும்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்க்கா. மேல போய்ப் பாத்த பெறவு எப்படிக்கா ஏழுன்னு போட? நான் நிக்கது மூணுலதானே."

அந்த நேரம் மையத்தின் தலைவர் செபஸ்தியான் உள்ளே வந்தார். தாள்களை ஒரு பார்வை பார்த்தார். "எட்டுல ரெண்டு போனா ஆறு. ஏழுல அஞ்சு போனா ரெண்டு. இந்தப் பிள்ளைக்கு மைனஸ் மூணு. இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? நாலு மணிக்குள்ள பேரை அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதியை மீறப் பொற்கொடிக்கு மனமில்லை. இரக்கப்பட்டுக் கொடுக்கவும் மனமில்லை. கடிகாரத்தில் மூன்றே முக்கால். நீங்கள் அவள் நாற்காலியில் இருந்தால் சொல்லுங்கள்: மூவரில் அதிகம் முன்னேறியவர் யார்?

விடை: இசக்கியம்மாள். ஜெபராஜ் ஏறிய ஆறு படிகளையும் சேர்த்தால் ஒரு பாஸ்போர்ட்தான் வருகிறது. ஆண்டு முழுவதும் அவன் அடுப்புப் பக்கமே போகவில்லை. அது ஒரு படி. முத்துப்பேச்சியின் இரண்டு படிகளும் உண்மையான இரண்டு. இசக்கியம்மாள் ஆறு என்று குறித்தபோது கிரேன் ஏணியில் கால் வைத்ததே இல்லை; மேலே போய் நடுங்கியதுதான் அவள் ஏறிய முதல் படி. ஆக அவள் தொடங்கியது பூஜ்யத்தில், இன்று நிற்பது மூன்றில். பொற்கொடி அவள் பெயரை அனுப்பிவிட்டு, செபஸ்தியான் சாரிடம் போய், "அந்த ஆறை அவ தரையில நின்னு போட்டா சார்" என்றாள். அவர் தாளை இன்னொரு முறை வாங்கி, இந்தத் தடவை பக்கத்திலிருந்த வரிகளையும் படித்தார். அடுத்த ஆண்டிலிருந்து அந்த மையத்தில் முதல் நாள் குறிப்பதும் பென்சிலில்தான்.