ஈயம் இல்லாத இடம்

இருட்டியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. நறுக். நறுக். நறுக்.

கல்லூரி ஆய்வகத்து லேசர்தான் அது. மரக்கம்பின்மேல் ஊசிமுனை அளவு ஒளி விழும்; பொட்டென்று ஒரு தீப்பொறி. அந்தப் பொறியின் நிறங்களைப் பிரித்து, அங்கே என்னென்ன தனிமம் இருக்கிறதென்று கணினி சொல்லும். தெரிந்தும் ஜெசிந்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

“எங்க வீட்டிலயும் ராத்திரி இதே சத்தம் கேக்குது, சிஸ்டர். லைட்டைப் போட்டா நின்னுடும். எலின்னு சொல்லி அவர் எலிப்பொறி வச்சார். ஒண்ணும் விழல.”

சிஸ்டர் விண்ணரசி அவளுடைய ஆய்வு நெறியாளர். அவளைவிட இரண்டு வயது இளையவர். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எலிக்கு உங்க வீட்டுக்காரரைவிட புத்தி ஜாஸ்தி போல,” என்றார்.

அந்தக் கம்பு, ஜெசிந்தாவின் பிள்ளை ஆல்வினுடைய மரத் தொட்டிலின் பக்கக் கம்புகளில் ஒன்று. ஒன்றரை வயதுப் பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. மாமியார் தொட்டிலைக் கைகாட்டினார். அது ஜெசிந்தாவின் பிறந்த வீட்டுத் தொட்டில். அவளே அதில் தூங்கி வளர்ந்தவள். அதன்மேல் பழி வரக்கூடாதென்றுதான் ஒரு கம்பைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

திரையில் வரைபடம் வரிவரியாக நிறைந்தது. ஈயம் இருக்கும் இடமெல்லாம் சிவப்பு. கம்பு முழுக்கச் சிவப்பு. நடுவில் மட்டும், பிறை மாதிரி ஒரு கறுப்பு.

ஜெசிந்தா துள்ளினாள். “சிஸ்டர்! அவன் வாய் வைக்கிற இடம் இதுதான். அங்க ஈயமே இல்ல, பாருங்க! அப்போ தொட்டில் காரணமில்லதானே?”

சிஸ்டர் லேசரை நிறுத்தினார். கம்பை எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். பிறை இருந்த இடத்தில் பெயிண்ட் இல்லை. வெறும் மரம். அதில் வரிசையாக, அரிசி அளவில், சின்னச் சின்னப் பள்ளங்கள்.

“இல்லதான்,” என்றார். “இங்க இருந்தது எங்க போச்சு, ஜெசி?”

ஜெசிந்தா வீட்டுக்கு போன் போட்டாள்.

“அவன் அப்பவே தூங்கிட்டான்மா,” கணவரின் குரல் தணிந்திருந்தது. “லைட்டை அணைச்சிட்டு வெளிய வந்துட்டேன். அந்த எலிதான் ஆரம்பிச்சிடுச்சு. கேக்குதா?”

லேசர் நின்றிருந்தது. போனுக்குள் கேட்டது. நறுக். நறுக். நறுக்.

“என்னங்க… பிள்ளைய அதுலேர்ந்து தூக்குங்க. நம்ம ரூமுக்குக் கொண்டுபோய்க் கதவைப் பூட்டுங்க. விட்டா திரும்ப அதுகிட்டயே போயிடுவான்.”

காலடிகள். பிறகு, தொட்டிலைக் கேட்டு வீறிடும் அழுகை. பிறகு, உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் ஓசை.